ஸ்கேன் எடுக்காமலே அனுப்பிவிட்டார்கள், சரியா டாக்டர்?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. எட்டாம் வகுப்பு படிக்கிறாள், எடை 42 கிலோ. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தக்கலையில் சொந்தக்காரர் கல்யாணம். காலையில் புறப்படும் அவசரத்தில் காப்பி மட்டும் குடித்தாள். பந்தியில் இடம் கிடைக்க இரண்டரை மணி ஆனது. ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்ததும் நெற்றியெல்லாம் வலிக்கிறது என்று படுத்துவிட்டாள். அவளுக்கென்று வாங்கிவந்த ஐஸ்கிரீமைக்கூடத் தொடவில்லை. ஆறரைக்குப் பாரசிட்டமால் 500 மாத்திரையில் பாதி கொடுத்தேன். எட்டு மணிக்குள் நாலு தடவை வாந்தி. "லைட்டைப் போடாதீங்கம்மா" என்று அழுதாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கேஷுவால்டி டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், கழுத்தைக் குனியச் சொன்னார், நடக்கச் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றி ஊசி போட்டார். முக்கால் மணி நேரம் இருக்கும், பிள்ளையின் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண் மேலே சொருகியது. "அம்மா, கழுத்தைத் திருப்ப முடியல்ல" என்று கத்தினாள். ஜன்னி என்று நினைத்து நானும் அலறிவிட்டேன். இன்னொரு ஊசி போட்டதும் கால் மணி நேரத்தில் சரியாகித் தூங்கினாள். காலையில் எழுந்து புட்டும் பழமும் கேட்டாள். ஸ்கேன் எடுக்காமலே அனுப்பிவிட்டார்கள். சீட்டின் படம் இணைத்திருக்கிறேன்.

குவைத்தில் இருக்கும் அவள் அப்பா, "பிட்ஸ் வந்தும் ஸ்கேன் எடுக்கல்லையா? நாளைக்கே நாகர்கோவில் கொண்டுபோய் எடு" என்கிறார். மாமியார் ஒரு நாள் நீர்க்கோர்வை என்கிறார், ஒரு நாள் பள்ளிக்கூடம் போக மடி என்கிறார். பக்கத்து வீட்டில், கேரளாவில் குளத்தில் குளித்த பிள்ளைகளுக்கு வந்த அமீபாவாக இருக்கும் என்கிறார்கள். இவளும் குளத்தில் குளிப்பவள்தான். எட்டு மாதத்தில் இதேபோல் ஆறு தடவை வந்துவிட்டது. (எனக்கும் மாதவிலக்கு நாட்களில் தலைவலி வரும், அது வேறு.) அடுத்த மாதம் கொடைக்கானலுக்குப் பள்ளிச் சுற்றுலா. அனுப்பலாமா?

– ஒரு தாய், கருங்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் அடிக்கோடிட்ட இடம் வாந்தியும் இல்லை, கழுத்துத் திருகலும் இல்லை. அடைப்புக்குறிக்குள் போட்டு "அது வேறு" என்று நீங்களே ஒதுக்கிவைத்த அந்த ஒற்றை வரி. அது வேறு இல்லை, அம்மா. பெரும்பாலும் அதுவேதான் உங்கள் மகளுக்கும் வந்திருக்கிறது. மாதவிலக்கையொட்டி வந்து போகும் தலைவலி பல பெண்களுக்கு மைக்ரேன்தான். அது குடும்பத்தில் ஓடும். "உங்கள் வீட்டில் யாருக்காவது மைக்ரேன் உண்டா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பாதித் தாய்மார்கள் சொல்வார்கள். "உங்களுக்குத் தலைவலி வந்து இருட்டறையில் படுத்ததுண்டா" என்று மாற்றிக் கேட்டால், "அது எல்லாருக்கும் வர்றதுதானே டாக்டர்" என்பார்கள். எல்லாருக்கும் வருவதில்லை.

மைக்ரேனுக்கு நாம் தமிழில் வைத்திருக்கும் பெயரே பிள்ளைகள் விஷயத்தில் ஆளை ஏமாற்றுகிறது. "ஒற்றைத் தலைவலி" என்றதும், ஒரு பக்கம் வலித்தால்தான் அது என்று நினைத்துக்கொள்கிறோம். சின்னப் பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அது நெற்றி முழுக்க, இரண்டு பக்கமும் வருவதுதான் வழக்கம். பெரியவர்களுக்கு நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் நீளுவது, பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரத்திலேயே முடிந்துவிடலாம். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வாந்தி வரும், தூங்கி எழுந்தால் துடைத்துவிட்டதுபோல் போய்விடும். காலையில் புட்டும் பழமும் கேட்டாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்தபோதுதான் எனக்கு மூச்சு இலகுவாக வந்தது. எட்டு மாதத்தில் ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி, இடைப்பட்ட நாட்களில் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இந்த நடைதான் மைக்ரேனின் நடை.

கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை எழுப்பிவிட்டிருப்பீர்கள். வெறும் வயிற்றில் காப்பி. தலைகொள்ளாத பிச்சிப்பூ. மண்டபத்தில் காது கிழியும் ஸ்பீக்கர், முகத்துக்கு நேராக வீடியோக்காரரின் லைட், புழுக்கம், தண்ணீர் கொடுக்க ஆளில்லை, இலை போட இரண்டரை மணி. மைக்ரேன் உள்ள மூளைக்கு இவற்றில் இரண்டு சேர்ந்தாலே போதும். நம் ஊர்க் கல்யாணத்தில் எல்லாம் சேர்ந்தே கிடைக்கின்றன.

இனி உங்களை அலறவைத்த விஷயம். நீங்கள் அனுப்பிய சீட்டில் மெட்டோகுளோப்ரமைட் என்று எழுதியிருக்கிறது. வாந்திக்குப் போடும் பழைய, நல்ல மருந்து. மைக்ரேன் வலியையும் அது தணிக்கும், அதனால்தான் கேஷுவால்டியில் கைக்கு முதலில் வருகிறது. ஆனால் சிலருக்கு, அதிலும் பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும், தசைகளை அடக்கியாளும் மூளைப்பகுதியில் அது கொஞ்சநேரம் குழப்பம் செய்துவிடும். கழுத்து திருகும், கண் மேலே சொருகும், நாக்கு தடிக்கும், தாடை இறுகும். பார்ப்பவர்களுக்குக் குலை நடுங்கும். உயிருக்கோ மூளைக்கோ அதனால் சேதம் வருவது மிக அபூர்வம். மாற்று ஊசி போட்டால் நிமிடக்கணக்கில் விட்டுவிடும், உங்கள் பிள்ளைக்கு விட்டதுபோல.

அது பிட்ஸ் இல்லை என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் எப்படிச் சொல்கிறேன்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "அம்மா, கழுத்தைத் திருப்ப முடியல்ல" என்று கத்தினாள். உடல் முழுக்க வெட்டி இழுத்து, கண் சொருகி வரும் பிட்ஸில் பிள்ளைக்கு நினைவு இருக்காது. கூப்பிட்டால் கேட்காது, பேச்சு வராது, முடிந்த பிறகும் கொஞ்சநேரம் மந்தமாகக் கிடக்கும். உங்கள் மகள் முழு நினைவோடு உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள், தன் கழுத்துக்கு என்ன ஆகிறது என்று சொல்லியிருக்கிறாள். இதை அவள் அப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள். அந்த மருந்தின் பெயரை உங்கள் போனிலும், பள்ளி டைரியின் முதல் பக்கத்திலும், சிகிச்சைக் கோப்பின் அட்டையிலும் எழுதிவையுங்கள். அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலும், "இந்த ஊசி இவளுக்கு ஒத்துக்கொள்ளாது" என்பது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியமாக இருக்கட்டும். ஒரே ஒரு குறை எனக்கு உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது இதை உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். நாலு வார்த்தை போதும். அந்த நாலு வார்த்தை சொல்லப்படாததால்தான் குவைத்துவரை தீ பரவியிருக்கிறது.

மற்றபடி அன்றிரவு அந்த டாக்டர் செய்ததை நான் குறை சொல்லமாட்டேன். டார்ச், பிரஷர், குனி, நட என்று நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரிதான் பரிசோதனை. தாடை நெஞ்சைத் தொடுகிறதா என்று குனியச் சொல்வது மூளைக்காய்ச்சலைத் தேட. கழுத்து விறைத்தால் பிள்ளை குனியாது, முதுகையே சேர்த்து வளைக்கும். பிரஷர் பார்ப்பது, சிறுநீரகக் கோளாறால் பிரஷர் ஏறித் தலை வலிக்கும் பிள்ளைகளைத் தவறவிடாமலிருக்க. டார்ச் அடிப்பது, இரண்டு கண்மணியும் ஒன்றுபோல் சுருங்குகின்றனவா, கண் எந்தப் பக்கமாவது நகர மறுக்கிறதா என்று பார்க்க. நடக்கச் சொல்வது சிறுமூளையைப் பார்க்க.

அந்த நடை விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆறு வயதுப் பையன். மூன்று வாரமாகக் காலையில் எழுந்ததும் வாந்தி, அப்புறம் சாதாரணமாகப் பள்ளிக்கூடம். தலை வலிக்கிறது என்று அவன் சொன்னதுகூட இல்லை, நெற்றியைத் தேய்த்துக்கொள்வான், அவ்வளவுதான். வயிற்றுக் கோளாறு என்று இரண்டு தடவை சிரப் எழுதி அனுப்பினேன். மூன்றாம் தடவை சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே போகும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டான். நான் அடுத்த பிள்ளையின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டது அங்கே கட்டுப் பிரித்துக்கொண்டிருந்த நர்ஸ் அக்கா. "டாக்டர், அந்தப் பையன் நேரே நடக்கல்லையே" என்றார். திரும்பக் கூப்பிட்டு, தரையில் டைல்ஸ் சேரும் கோட்டின்மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னேன். மூன்றாவது எட்டில் சுவரைப் பிடித்தான். சிறுமூளையில் கட்டி இருந்தது. ஸ்கேன் அதை உறுதிதான் செய்தது. கண்டுபிடித்தது டைல்ஸ் கோடு.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. ஸ்கேன் யாருக்கு வேண்டும் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்று காட்டத்தான். தலைவலி என்று இரவில் கேஷுவால்டிக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வைரஸ் காய்ச்சலோ சளியோ மைக்ரேனோதான் காரணம். கட்டி, ரத்தக்கசிவு, மூளைக்காய்ச்சல் எல்லாம் மிகச் சிலருக்கு. அந்தச் சிலரில் அநேகமாக எல்லாரிடமும், நடையிலோ கண்ணிலோ கழுத்திலோ நினைவிலோ அல்லது வலி வந்த கதையிலோ ஏதாவது ஒன்று இடறும். கதையும் பரிசோதனையும் சுத்தமாக இருந்தால் சிடியில் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. மைக்ரேன் எந்த ஸ்கேனிலும் தெரியாது.

சிடி ஸ்கேனின் கதிர்வீச்சைப் பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். தலைக்கு ஒரு சிடி எடுத்தால் ஏறக்குறைய 2 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு மனிதருக்கு ஓராண்டில் இயற்கையாகக் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில், இயற்கையாகவே கதிர்வீசும் மோனசைட் மணல் கிடக்கும் இடங்களில், அதைவிடக் கூடுதல். ஆகவே தேவைப்படும்போது "ஐயோ ரேடியேஷன்" என்று மறுக்காதீர்கள், ஒரு ஸ்கேன் அபாயம் இல்லை. ஆனால் வளரும் உடம்பு கதிரைப் பெரியவர்களைவிடக் கூடுதலாகத் தாங்கிக்கொள்கிறது என்பதில்லை, நேர்மாறு. பிள்ளைக்கு முன்னால் நீண்ட ஆயுள் கிடக்கிறது, தலைவலியோ மைக்ரேன். ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒவ்வொரு ஊரில் ஒரு சிடி என்று ஆரம்பித்தால் அது எங்கே நிற்கும்? இன்னொன்றும் உண்டு. காரணமில்லாமல் எடுக்கும் ஸ்கேனில் காரணமில்லாத எதையாவது கண்டுபிடிப்போம். பிறவியிலேயே இருந்த, ஒரு தொந்தரவும் செய்யாத சின்ன நீர்க்கட்டி ரிப்போர்ட்டில் ஏறும். "மூளையில் கட்டி" என்று அது ஊருக்குள் இறங்கும். கல்யாண வயதுவரை அந்தக் காகிதம் பிள்ளையைத் துரத்தும். பார்த்திருக்கிறேன்.

உங்கள் மகளுக்கு விட்டுப்போன பரிசோதனை ஒன்று உண்டு. அது ஸ்கேன் இல்லை, கண்ணின் உள்பக்கம். டார்ச்சில் கண்மணிதான் தெரியும். கண்ணுக்குப் பின்னால் நரம்பு வந்து சேருமிடம் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கத் தனிக் கருவி வேண்டும். தலைக்குள் அழுத்தம் ஏறியிருந்தால் பெரும்பாலும் அங்கே தெரியும். கண் டாக்டரிடம் கொண்டுபோய் "ஃபண்டஸ் பார்க்கணும், அடிக்கடி தலைவலி" என்று சொல்லுங்கள். சொட்டு விட்டுக் கண்மணியை விரித்துப் பார்ப்பார்கள். சில மணி நேரம் புத்தகம் மங்கலாகத் தெரியும், அதனால் பரீட்சைக்கு முந்தின நாள் போகாதீர்கள். கண்ணாடி தேவையா என்றும் அப்போதே பார்த்துவிடலாம், ஆனால் இந்த மாதிரித் தலைவலிக்குக் கண்ணாடி தீர்வாவது குறைவு. மகள் முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் போல ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா? உங்கள் கடிதத்தில் இல்லை. சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். அந்த வகை மருந்துகள் சிலருக்குத் தலைக்குள் அழுத்தத்தை ஏற்றிவிடும், எடை கூடிய வளரிளம் பெண்களுக்கு மருந்தில்லாமலும் அப்படி வருவதுண்டு. குனியும்போது கண் இருட்டுவது, காதுக்குள் நாடித்துடிப்பு "டப் டப்" என்று கேட்பது அதன் அடையாளங்கள்.

குளத்து அமீபாவுக்கு வருகிறேன். 2024லும் 2025லும் கேரளத்திலிருந்து வந்த செய்திகளுக்குப் பிறகு குழித்துறை, களியக்காவிளைப் பக்கத் தாய்மார்கள் கேட்காத நாளில்லை. பயம் நியாயமானது, கணக்கு மட்டும் தெரிய வேண்டும். இந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் இருப்பது. கடலில் குளித்து வராது, தண்ணீரைக் குடித்து வராது. மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து. குளித்து ஒன்று முதல் 12 நாட்களுக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, வாந்தி, பிறகு கழுத்து விறைப்பு, குழப்பம் என்று நாளுக்கு நாள் மோசமாகும். அது வந்த பிள்ளை தூங்கி எழுந்து புட்டு கேட்காது. உங்கள் மகளுக்குக் காய்ச்சல் இல்லை, இரவோடு இரவாக முழுக்கச் சரியாகிவிட்டது, எட்டு மாதமாக வந்து போகிறது. அமீபா எட்டு மாதம் காத்திருக்காது. ஆனால் இனி எப்போதாவது காய்ச்சலோடு தலைவலி வந்து ஆஸ்பத்திரி போனால், "போன வாரம் குளத்தில் குதித்துக் குளித்தாள்" என்பதை டாக்டர் கேட்காமலே சொல்லுங்கள். மிக அபூர்வமான நோய், வந்தால் மிகக் கொடியது. 2024இல் கோழிக்கோட்டில் ஒரு 14 வயதுப் பையன் பிழைத்தது சீக்கிரம் கண்டுபிடித்ததால்தான். கலங்கிக்கிடக்கும் குளத்தில் தலைகீழாகக் குதிப்பதும் மூழ்கி விளையாடுவதும் வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும் என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் நிற்கிறது. வலி இடி விழுந்ததுபோல ஒரே நொடியில் உச்சத்துக்குப் போனால். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, அமுக்கினால் மறையாத செம்புள்ளிகள் உடம்பில் வந்தாலோ. பேச்சு குழறினால், ஒரு கை ஒரு கால் தளர்ந்தால், நடை தள்ளாடினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், புதிதாக மாறுகண் விழுந்தால். நினைவு தப்பி வெட்டி இழுத்தால். விழுந்து அடிபட்டபின் வாந்தியும் மயக்கமும் வந்தால். இவற்றில் எதுவானாலும் அந்த நிமிடமே 108. பக்கத்துக் கிளினிக்கில் காட்டிவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள், ஸ்கேனும் குழந்தைகள் பிரிவும் உள்ள ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் போன்ற இடத்துக்கே போகச் சொல்லுங்கள். பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே சொருகி உட்காரவைத்துக் கொண்டுபோகும் நம் ஊர் வழக்கத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. வாந்தியெடுக்கும் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும்.

வேறொரு வகை உண்டு, அது சத்தமில்லாமல் வரும். தினமும் விடியற்காலை வலியால் தூக்கம் கலைவது, எழுந்ததும் வாந்தி, இருமினால் தும்மினால் வலி ஏறுவது, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போவது, நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று மந்தமாவது. இதற்கு ராத்திரி ஓட வேண்டாம், ஆனால் இரண்டொரு நாளில் காட்ட வேண்டும். இங்கே ஸ்கேன் வேண்டும், நேரம் இருந்தால் சிடியைவிட எம்ஆர்ஐ. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு அழுதால் அதையும் இந்தக் கணக்கிலேயே வையுங்கள்.

மருந்தில் நீங்கள் செய்த தப்பு நம் வீடுகளில் எல்லாரும் செய்வது: தாமதம், அதோடு அரை மாத்திரை. பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு. 42 கிலோ பிள்ளைக்கு 250 என்பது கடலில் பெருங்காயம் கரைத்த கதை. முழு 500 கொடுக்க வேண்டும், வலி தொடங்கின அரை மணிக்குள். மைக்ரேன் முற்றிவிட்டால் இரைப்பை தன் வேலையை மெதுவாக்கிவிடும். அப்புறம் போடும் மாத்திரை உள்ளேயே கிடக்கும், அல்லது வாந்தியோடு வெளியே வரும். பாரசிட்டமால் கேட்கவில்லையென்றால் அடுத்த தடவை ஐபுபுரோஃபென், கிலோவுக்கு 10 கணக்கில் இவளுக்கு 400, ஏதாவது சாப்பிட்ட பிறகு. மைக்ரேனுக்கு அது பல பிள்ளைகளுக்கு நன்றாகக் கேட்கும். சிறுநீரகக் கோளாறோ மருந்தால் கூடும் ஆஸ்துமாவோ இருந்தால் வேண்டாம். காய்ச்சல் இருந்தால் ஐபுபுரோஃபெனைத் தொடவே வேண்டாம். நம் மழைக்காலத்தில் எந்தக் காய்ச்சல் டெங்கு என்று முதல் நாளில் யாருக்கும் தெரியாது, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். ஆஸ்பிரின் உள்ள மாத்திரை, டிஸ்பிரின் உட்பட, 16 வயதுக்குள் தலைவலிக்குக் கொடுக்கவே கூடாது. எந்த மாத்திரையானாலும் வாரத்தில் இரண்டு நாளைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். அப்படித் தேவைப்பட்டால் என்னைப் போன்ற ஒருவரிடம் நேரில் வாருங்கள்.

தினமும் சாப்பிடும் தடுப்பு மாத்திரை கேட்பீர்கள். எட்டு மாதத்தில் ஆறு தடவைக்கு அது வேண்டாம். 2017இல் அமெரிக்காவில் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் இரண்டு தடுப்பு மருந்துகளைச் சோதித்தார்கள். வலி நாட்கள் பாதியாகக் குறைந்தது ஒரு மருந்தில் 52 சதவீதம் பேருக்கு, மற்றதில் 55. வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 61. மாவு மாத்திரை ஜெயித்தது என்று நான் அதைப் படிக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லாரையும் மாதாமாதம் ஒருவர் உட்காரவைத்துத் தூக்கம், சாப்பாடு, தண்ணீர் எல்லாம் கேட்டிருப்பார், வலியைக் குறித்துவைக்கச் சொல்லியிருப்பார். எனக்கு அதில்தான் நம்பிக்கை. அடுக்களையில் தொங்கும் தினக்காட்டியில் வலி வந்த நாளில் ஒரு வட்டம் போடுங்கள், மாதவிலக்கு நாளில் ஒரு புள்ளி. காலையில் என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்று இரண்டு வார்த்தை. மூன்று மாதத்தில் வட்டமும் புள்ளியும் சேர்ந்து வருகின்றனவா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். டியூஷனுக்கு ஓடும் அவசரத்தில் காப்பியோடு போவது இவளுக்கு ஆகாது. இரண்டு இட்லியோ, ஒன்றுமில்லையென்றால் ஒரு ஏத்தம்பழமோ வயிற்றில் இருக்க வேண்டும்.

மாமியாரின் நீர்க்கோர்வைக்கு அதிகம் சொல்வதற்கில்லை. மூக்கடைப்பும் மஞ்சள் சளியும் காய்ச்சலும் இல்லாமல் சைனஸ் தலைவலி என்பது அபூர்வம். உச்சியில் ராஸ்னாதிப் பொடி தேய்ப்பதால் கெடுதல் இல்லை, பாட்டியின் கை நெற்றியில் படுவது பிள்ளைக்கு இதம். கொதிக்கும் தண்ணீரில் ஆவி பிடிக்கவைக்கும்போது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள், கொட்டிச் சுட்டுக்கொண்டு வந்த பிள்ளைகளும் என் கேஷுவால்டிக்கு வந்திருக்கிறார்கள்.

மடி என்கிறாரே, அதற்குப் பதில் ஐஸ்கிரீம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடம் இல்லாத நேரத்தில், தனக்கு வாங்கின ஐஸ்கிரீமைத் தொடாமல் இருட்டில் படுத்த பிள்ளை நடிக்கவில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். இந்த வயதுப் பிள்ளையை நேரில் கொண்டுவந்தால், கொஞ்ச நேரம் உங்களை வெளியே நிற்கச் சொல்லுவேன். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பள்ளிக்கூடத்தில் யாராவது கேலி செய்கிறார்களா, யாராவது தொந்தரவு கொடுக்கிறார்களா, மனசு எப்படி இருக்கிறது என்று அம்மாவுக்கு முன்னால் பதில் வராது. இப்படிப்பட்ட பாரம் தலைவலியைக் கூட்டும், சில பிள்ளைகளுக்கு தலைவலி ஒன்றுதான் அதைச் சொல்லத் தெரிந்த வழி. அப்பா தூரத்தில் இருக்கிற வீடுகளில் பிள்ளைகள் அம்மாவை வருத்தக் கூடாதென்று நிறைய விழுங்கிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். உங்கள் மகளுக்கு அப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை. இருந்து, பேச யாருமில்லையென்றால், பிள்ளைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டுக்கும் காசு கிடையாது.

சுற்றுலாவுக்குத் தாராளமாக அனுப்புங்கள். கொடைக்கானல் மலைப்பாதையில் வாந்தி வரும் என்று எதிர்பார்த்தே அனுப்புங்கள், மைக்ரேன் பிள்ளைகளில் பலருக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. முன்பக்கத்து சீட்டு வேண்டும், போனைக் குனிந்து பார்க்காமல் சாலையைப் பார்க்க வேண்டும். வகுப்பு டீச்சரிடம் மூன்று சமாச்சாரம் எழுதிக்கொடுங்கள்: தலைவலி என்றால் உடனே ஒரு முழு பாரசிட்டமால் 500, கொஞ்சநேரம் இருட்டில் படுக்க இடம், மெட்டோகுளோப்ரமைட் கூடாது. பையில் தண்ணீரும் பிஸ்கட்டும் ஒரு பழமும். விடியற்காலை மூன்று மணிக்குப் பஸ் கிளம்புகிறது என்பார்கள், அதற்காக இரவு முழுக்க விழித்திருக்கும் கூட்டத்தில் இவளைச் சேரவிடாதீர்கள். ஒன்பது மணிக்கே படுக்கவையுங்கள், திட்டினால் திட்டட்டும்.